பள்ளியில் இமையைப் பார்த்துச் சொன்ன ரத்தசோகையை எவ்வளவு நம்பலாம்?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்; அந்த ஒரு கேள்விக்குள் பல கேள்விகள் இருக்கின்றன. உசிலம்பட்டிக்கு அருகே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பும், மகன் பதினொன்றாம் வகுப்பும் படிக்கிறார்கள். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு 14 வயது மகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தம் கம்மியா இருக்கு" என்று சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தது. அங்கே விரல் நுனியில் குத்திப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 10.4 என்று வந்தது. மனம் ஒப்பாமல் பத்து நாள் கழித்து மதுரையில் ஒரு தனியார் ஆய்வகத்தில் கை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தீர்கள், அது 11.6 என்றது. மெலிந்துகொண்டே போவதாக உங்களுக்குத் தோன்றும் மகனைப் பற்றிக் குழு ஒன்றும் சொல்லவில்லை. எந்த எண்ணை நம்புவது, ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கும், மற்றச் சத்துகளின் குறையும் அதில் தெரியுமா என்று கேட்கிறீர்கள். குறை இருந்தால் அந்தப் பரிசோதனையில் அகப்பட்டுவிடுமா, அகப்படாவிட்டால் குறை இல்லை என்று ஒரு தாய் நிம்மதியாக இருக்கலாமா என்பதுதான் இதன் அடியில் உள்ள கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

மதுரை மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராகவும், பிறகு பல ஆண்டுகள் பள்ளிகளுக்குச் செல்லும் நடமாடும் குழுவிலும் வேலை பார்த்தவள் நான். அந்தச் சீட்டுகளை எழுதிக் கொடுக்கும் இடத்திலும் இருந்திருக்கிறேன், அவை வந்து சேரும் இடத்திலும் இருந்திருக்கிறேன். ஆனால் உங்கள் மகளை நான் பார்க்கவில்லை. ரத்தம் ஏன் குறைந்தது என்பதை இரண்டு எண்களை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் சொல்லிவிட முடியாது. ஆகவே கீழே எழுதுவது உங்கள் ஊர் மருத்துவரோடு பேசுவதற்கான துணையாக இருக்கட்டும். அவர் இடத்தை அது பிடித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் எண்களை எடுத்துக்கொள்வோம், உங்களை அதிகம் அலைக்கழிப்பது அதுதான் என்பதால். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி 12 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் அது ரத்தசோகை. 11 முதல் 11.9 வரை இலேசானது; 8 முதல் 10.9 வரை நடுத்தரமானது. 8-க்குக் கீழே போனால் கடுமையானது. உங்கள் கையில் இருக்கும் இரண்டு எண்களுமே 12-க்குக் கீழேதான் இருக்கின்றன. ஒன்று நடுத்தரம் என்கிறது, மற்றது இலேசு என்கிறது. இரண்டில் எதுவும் "குறை இல்லை" என்று சொல்லவில்லை. நம் நாட்டில் 2018-இல் வகுக்கப்பட்ட ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின்படி வளரிளம் பருவத்தினருக்கு இலேசான நிலைக்கும் நடுத்தர நிலைக்கும் சிகிச்சை ஒன்றேதான். எனவே எந்த எண் சரி என்று தீர்ப்பதற்காக மூன்றாவது ஆய்வகத்துக்குப் போக வேண்டிய தேவை இப்போது உங்களுக்கு இல்லை. இமையைப் பார்த்துச் சொன்னவர் உங்கள் மகள் விஷயத்தில் சரியாகவே சொல்லியிருக்கிறார்.

இரண்டு எண்களும் ஏன் வேறுபட்டன என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் கவனக்குறைவுக்கு இடம் அதிகம். குத்தியதும் வரும் முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும்; தானாகப் பெருகி வரும் அடுத்த துளியையே எடுக்க வேண்டும். வரிசை நீளமாக இருக்கும்போது, ரத்தம் சரியாக வராத விரலைப் பிதுக்குவார்கள். அப்படிப் பிதுக்கினால் சதைக்குள் இருக்கும் நீர் ரத்தத்தோடு கலந்து எண் தாழ்ந்துவிடும். கை குளிர்ந்திருந்தாலும், ரத்தத் துளியை வைக்கும் பரிசோதனைப் பட்டையில் ஈரப்பதம் பட்டிருந்தாலும் எண் மாறும். நரம்பிலிருந்து எடுத்துத் தானியங்கிக் கருவியில் பார்ப்பது இதைவிட நம்பகமானது, இதில் ஐயமில்லை. நாடு முழுவதும் நடந்த இரண்டு பெரிய கணக்கெடுப்புகளிலும் இந்த வேறுபாட்டின் சாயலைப் பார்க்கலாம். விரல் நுனி ரத்தத்தை அளந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2019–21-இல், 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை என்றது. நரம்பு ரத்தத்தை அளந்த தேசிய விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, 2016–18-இல், 10 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 என்றது. வயது வரம்பு வேறு, ஆண்டு வேறு, ஆகவே வித்தியாசம் முழுவதையும் விரல் நுனியின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால் அளக்கும் முறைக்கும் அதில் பங்கு உண்டு என்பதைப் பெரும்பாலான வல்லுநர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். 12 என்ற எல்லையே இந்தியப் பிள்ளைகளுக்குச் சற்று உயரமோ என்றும் ஒரு விவாதம் நடக்கிறது. அது இன்னும் முடிவாகவில்லை. முடியும்வரை உங்கள் மகளுக்குப் பொருந்துவது 12 தான்.

இனி, பள்ளிப் பரிசோதனை எதற்காக வைக்கப்பட்டது என்பதைப் பார்ப்போம். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கையும் தேட வேண்டும். அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் குழு போக வேண்டும். உயரம், எடை, பார்வை, பல், தோல், இதயச் சத்தம், காது என்று அத்தனையையும் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் சில நிமிடங்களுக்குள் பார்த்தாக வேண்டும். இது களத்து மேட்டில் முறத்தை வைத்துப் புடைப்பது போன்ற வேலை. கல்லும் பதரும் பெரும்பாலும் பிரிந்துவிடும். நொய்யும் குருணையும் சேர்ந்தே நின்றுவிடும். கீழ் இமையின் வெளிறலும் அப்படித்தான். ஹீமோகுளோபின் 7, 8 என்று இறங்கிவிட்ட பிள்ளையின் இமை, நாக்கு, உள்ளங்கை மூன்றும் வெளுத்திருக்கும். பழகிய கண் அதைத் தவறவிடுவது குறைவு. 11 என்று இருக்கும் பிள்ளையின் இமையைப் பார்த்துச் சொல்வது ஏறக்குறைய ஊகம்தான். ஒரே பிள்ளையை இரண்டு மருத்துவர்கள் பார்த்து இரண்டு விதமாகச் சொல்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கடுமையான குறைகூடத் தவறிப்போகும் என்பதற்கு நானே சாட்சி. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால மாலையில், ஒரு பள்ளியின் தாழ்வாரத்தில், வெளிச்சம் மங்கிவிட்ட நேரத்தில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணின் இமையைப் பார்த்துச் "சரி" என்று எழுதினேன். ஆறு வாரம் கழித்து அதே பெண் தலைசுற்றி விழுந்து மருத்துவமனைக்கு வந்தாள்; ஹீமோகுளோபின் 6.8. மாதவிடாயில் ஒவ்வொரு முறையும் பத்து நாட்களுக்குமேல் ரத்தம் போயிருக்கிறது. யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இமையைப் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பார்ப்பது என்றும், பெண் பிள்ளைகளிடம் சில கேள்விகளைக் கேட்காமல் அடுத்தவளைக் கூப்பிடுவதில்லை என்றும் வைத்துக்கொண்டேன்.

அந்தக் கேள்விகளை நீங்களும் வீட்டில் கேட்கலாம். இமையைவிட அவை அதிகம் சொல்லும். முதலாவது, பச்சரிசி. சமைக்காத அரிசியை வாயில் போட்டு மெல்வது, சிலேட்டுக்குச்சி, சாக்கட்டி, செங்கல் பொடி, சாம்பல், ஐஸ் கட்டி என்று ஏதாவது ஒன்றின்மேல் அடங்காத ஆசை வருவது இரும்புச்சத்துக் குறைவின் மிக வலுவான அடையாளங்களில் ஒன்று. "அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை வரும்" என்று சொல்லி நாம் சிரித்துவிடுகிறோம். அந்தப் பிள்ளையின் உடம்பு இரும்பு கேட்கிறது. திட்டினால் மறைப்பார்கள், மெதுவாகக் கேட்டால் சொல்வார்கள். இரண்டாவது, மாதவிடாய். ஏழு நாட்களுக்குமேல் நீடிக்கிறதா, ஒரு மணி இரண்டு மணி நேரத்திலேயே நாப்கின் நனைந்துவிடுகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா? பூப்பெய்திய முதல் இரண்டு ஆண்டுகளில் ஒழுங்கின்மை இயல்புதான் என்றாலும், மேற்சொன்ன அளவுக்குப் போனால் அதற்கென்று தனியாக மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிலருக்கு ரத்தம் உறையும் தன்மையிலேயே பிறவிக் குறை இருக்கும். மூன்றாவது, காலைச் சாப்பாடு. ஏழரை மணிப் பேருந்தைப் பிடிக்கும் பிள்ளைகளில் பலர் ஒரு தம்ளர் டீயும் ஒரு பன்னுமாகக் கிளம்புவதை நீங்களும் அறிவீர்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான், சிம்மக்கல்லுக்குப் பக்கத்து மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. மிக நல்ல திட்டம்; ஆனால் அது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டது. உடம்பு வேகமாக நீளும் வயதில் இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் கொடுக்க நம்மைத் தவிர யாருமில்லை.

ரத்தசோகையும் இரும்புச்சத்துக் குறைவும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டுக் குதிரில் நெல் தீர்ந்த பிறகும் சில நாட்கள் பானையில் சோறு இருக்குமல்லவா? உடம்பிலும் அதேதான் நடக்கிறது. முதலில் சேமிப்பு காலியாகும். அதைக் காட்டும் அளவுக்கு ஃபெரிட்டின் என்று பெயர். அதற்கும் பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். குதிர் காலியாகிப் பானை இன்னும் காலியாகாத பிள்ளைகள் வகுப்புக்குச் சிலர் இருப்பார்கள்: படிக்கும்போது சோர்வு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், முடி உதிர்தல், கவனம் நிற்காமை. பள்ளியில் எந்தக் குழு வந்து பார்த்தாலும் இவர்கள் "சரி" என்றே எழுதப்படுவார்கள். பரிசோதனையில் பெயர் வரவில்லை என்பதால் குறை இல்லை என்று கொள்ள வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். அதே சமயம், எல்லாப் பிள்ளைக்கும் ஃபெரிட்டின் பாருங்கள் என்றும் சொல்ல மாட்டேன். காய்ச்சலோ, உடலில் எங்காவது அழற்சியோ இருந்தால் அந்த எண் பொய்யாக உயர்ந்து நிற்கும். மருத்துவர் கேட்கும்போது பார்த்தால் போதும்.

மற்றச் சத்துகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாயோரம் வெடிப்பதும் நாக்கு சிவந்து வழவழப்பாவதும் பி வகை வைட்டமின் குறைவைக் காட்டலாம்; குழுவின் கண்ணுக்கு இது எளிதில் படும். விரல் மூட்டுகளின் மேல்தோல் கறுத்துப்போவது, கை கால் மரத்துப்போவது, இவை பி12 குறைவாக இருக்கலாம். நான் மேலே சொன்ன 2016–18 கணக்கெடுப்பில் வளரிளம் பருவத்தினரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு பி12 போதவில்லை என்று தெரியவந்தது. இமையைப் பார்க்கும் பரிசோதனையில் இதில் மிகப் பெரும்பகுதி தப்பிவிடும். முன்கழுத்துக் கழலை, அயோடின் கலந்த உப்பு பரவலான பிறகு வெகுவாகக் குறைந்திருக்கிறது. வெண்விழியில் நுரைபோலப் படியும் புள்ளி வைட்டமின் ஏ குறைவின் அடையாளம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் திருச்சிப் பகுதியில் நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆய்வு, வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற சின்னஞ்சிறு பிள்ளைகளிடையே இறப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்ததைக் காட்டியது. அந்த ஆய்வுக்காக உலகம் நம் ஊரைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் அது பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைகளின் கதை. பதினான்கு வயதில் அந்தப் புள்ளி தெரிந்தால் அது பழைய தழும்பாகவும் இருக்கலாம். மாலைக்கண் இருக்கிறதா என்று கேட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

இனி உங்கள் மகன். ரத்தசோகை பெண் பிள்ளைகளின் குறை என்று பள்ளியிலும் வீட்டிலும் நாமே முடிவு செய்துவிட்டோம். குழுவில் இருப்பவர்களுக்கும் அந்தச் சாய்வு உண்டு, எனக்கும் இருந்தது. நரம்பு ரத்தத்தை அளந்த அதே கணக்கெடுப்பில் பையன்களில் நூற்றுக்கு 18 பேருக்கு ரத்தசோகை இருந்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஏழு பேர். மீசை அரும்பும் வயதில் தசை பெருகும்போது அவனுக்கும் இரும்பு கூடுதலாக வேண்டும்: தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம், 16 முதல் 18 வயதுப் பையனுக்கு 26 மில்லிகிராம். 15 வயது நிரம்பிய ஆண் பிள்ளைக்கு ரத்தசோகையின் எல்லை 13 என்பதையும் கவனியுங்கள். உங்கள் மகனுக்கு 12.3 என்று வந்தால், "பன்னிரண்டுக்கு மேலே இருக்கு, பரவாயில்லை" என்று யாராவது சொல்லி அனுப்பிவிடக்கூடும். இன்னொன்று: மதிய உணவும் முட்டையும் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. பதினொன்றில் பையன் மெலிவதாகத் தாய்க்குத் தோன்றுவதற்கு அதுவேகூட ஒரு காரணமாக இருக்கலாம்.

அவன் உண்மையில் மெலிகிறானா என்பதைத் தோற்றத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தால் இருமுறை வகுத்தால் உடல் நிறை எண் கிடைக்கும். பெரியவர்களுக்குச் சொல்லும் 18.5 என்ற எல்லையை வளரும் பிள்ளைகளுக்கு அப்படியே வைக்கக் கூடாது. இவர்களுக்கு வயதுக்கு ஏற்பவும், ஆணா பெண்ணா என்பதற்கு ஏற்பவும் தனித்தனி அட்டவணை உண்டு. சான்றாக, 14 வயதுப் பெண்ணுக்கு ஏறத்தாழ 15.4-க்குக் கீழே போனால்தான் மெலிவு என்று கணக்கு. குழு 18.5-ஐ வைத்துப் பார்த்தால் பாதி வகுப்பே மெலிந்ததாகத் தெரியும். அப்படித் தவறாகக் குறிக்கப்பட்ட பட்டியல்களை நான் திருத்தியிருக்கிறேன். ஓர் ஆண்டின் எடையைவிட, சென்ற ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் இடையில் என்ன நடந்தது என்பது பெரிது. பதினாறு வயதில் உயரம் கூடி எடை கூடாமல் நின்றால் காத்திருக்கலாம். எடை இறங்கினால் காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்குமேல் இருமல், மாலைக் காய்ச்சல், அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர் என்று ஏதேனும் சேர்ந்திருந்தால் காசநோய்க்கும் சர்க்கரைக்கும் பார்த்துவிட வேண்டும்.

மகளின் சிகிச்சைக்கு வருகிறேன். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அது குறை வராமல் தடுப்பதற்கான அளவு. குறை வந்துவிட்ட பிள்ளைக்கு அது மட்டும் போதாது. நான் முன்பு சொன்ன ரத்தசோகை ஒழிப்புத் திட்டம், இலேசான அல்லது நடுத்தர ரத்தசோகை உள்ள வளரிளம் பருவத்தினருக்கு அதே மாத்திரையில் நாளொன்றுக்கு இரண்டு, மூன்று மாதத்துக்கு என்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசமாகக் கிடைக்கும். அளவை அங்குள்ள மருத்துவர் உறுதி செய்யட்டும். ஒன்றுவிட்டு ஒருநாள் கொடுத்தால் உடம்பு இரும்பை இன்னும் நன்றாக ஏற்கிறது என்று அண்மைக்கால ஆய்வுகள் சில சொல்கின்றன. அக்கருத்து வலுப்பட்டு வருகிறது என்றாலும், அதை நம்பி நீங்களாக அளவை மாற்ற வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும். அது இரும்பின் நிறம்தான், பயப்பட ஒன்றுமில்லை. குமட்டல் வரலாம், பிள்ளைகள் மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால் குமட்டல் குறையும். டீ, காப்பி, பால் ஆகியவற்றோடு கொடுக்காதீர்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உடன் இருந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். அட்டையை உயரமான இடத்தில் பூட்டி வையுங்கள். மிட்டாய்போலத் தெரியும் இந்த மாத்திரையை ஒரே நேரத்தில் பல விழுங்கினால் அதுவே நஞ்சாகி உயிருக்கு ஆபத்தாகும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இதில் எள்ளளவும் அசட்டை கூடாது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, நம் ஊர் வழக்கத்திலேயே மருந்து இருக்கிறது. கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கி வரும் சுவரொட்டி (ஆட்டின் மண்ணீரல்), ஈரல், ரத்தப் பொரியல், இவற்றில் உள்ள இரும்பை உடம்பு எளிதில் ஏற்கும். "ரத்தம் ஊறும்" என்று பாட்டிமார் சுவரொட்டியைச் சுட்டுக் கொடுத்ததில் முழு நியாயம் இருக்கிறது. கீரை, கம்பு, பயறு வகைகளில் உள்ள இரும்பு குறைந்த அளவே சேரும். அதனால் அவை வீண் என்று பொருளில்லை, முருங்கைக்கீரைப் பொரியலோடு எலுமிச்சைச் சாதமோ கொய்யாப்பழமோ சேர வேண்டும், சாப்பிட்ட கையோடு டீ குடிக்கக் கூடாது. பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பது நிறத்தை வைத்து வந்த நம்பிக்கை. ரேஷன் அரிசியில் சற்று வேறு நிறத்தில் கிடக்கும் மணிகளைப் "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிகிறார்கள். அது இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்த்த செறிவூட்டிய அரிசி, எறியாதீர்கள். ஆனால் ரத்தசோகை வந்துவிட்ட பிறகு சாப்பாட்டால் மட்டும் சரிசெய்வது மிக மெதுவாகத்தான் நடக்கும். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பேரீச்சம்பழத்தை நம்பி மூன்று மாதத்தை இழந்த குடும்பங்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

பூச்சி மாத்திரையை மறக்க வேண்டாம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுக்கும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல், கொக்கிப்புழுவை நீக்கும். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது உள்ளங்கால் வழியாக ஏறி, குடலில் தொற்றிக்கொண்டு, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தை உறிஞ்சும் புழு அது. வயல் வேலைக்குப் போகும் வீடுகளில் இதை முக்கியமாக நினைக்க வேண்டும். மாத்திரையை மென்று விழுங்க வேண்டும். அன்றைக்குப் பள்ளிக்குப் போகவில்லையென்றால் அடுத்த வாரம் நடக்கும் விடுபட்டோர் நாளில் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பள்ளிப் பரிசோதனையால் பயன் உண்டா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: உண்டு, ஆனால் அது தொடங்கி வைக்கும் வேலையை வேறு யாராவது முடிக்க வேண்டும். நான் கண்டவரையில் இந்தத் திட்டம் அதிகம் தோற்கும் இடம் இமையைப் பார்க்கும் இடமில்லை, சீட்டு போய்ச் சேரும் இடம்தான். எழுதிக் கொடுத்த சீட்டுகளில் பல புத்தகப் பையின் அடியிலேயே கிடந்து கிழிந்தன. தாய் கூலி வேலைக்குப் போகிறவராக இருப்பார். மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். பெண்ணுக்கு "ரத்தம் இல்லை" என்று ஊருக்குத் தெரிந்தால் நாளை வரன் பேசும்போது சொல்வார்கள் என்ற அச்சமும் உண்டு. ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை ஒருவர், சீட்டு வாங்கிய பிள்ளைகளின் பெயரைத் தனி நோட்டில் எழுதி, யார் யார் போய் வந்தார்கள் என்று வாரந்தோறும் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பள்ளியில் மட்டும் ஏறக்குறைய எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். புதிய கருவி எதுவும் அங்கே வரவில்லை. உங்கள் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது இப்படி ஒரு நோட்டு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். உயரமும் எடையும் ஆண்டுதோறும் அதே அட்டையில் எழுதப்படட்டும் என்றும் கேளுங்கள்.

மாத்திரை தொடங்கிய நாளைக் குறித்துக்கொண்டு, ஒரு மாதம் முடிந்ததும் ஹீமோகுளோபினைத் திரும்பப் பாருங்கள். அதே முறையில், முடிந்தால் அதே இடத்தில் பார்க்க வேண்டும். விரலில் பார்த்ததை நரம்பில் பார்த்ததோடு ஒப்பிட்டால் உயர்ந்ததா இல்லையா என்பதே தெரியாது. ஒரு கிராமாவது ஏறியிருந்தால் சரியான வழியில் போகிறோம் என்று பொருள். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லையென்றால் உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ எழுதி வாங்கிப் போங்கள். தலசீமியா என்ற ரத்தக் கோளாறைப் பரம்பரையாகச் சுமப்பது, பி12 குறைவு, குடலில் சத்து ஏறாமை, நாள்பட்ட நோய் என்று வேறு காரணங்களை அங்கே தேடுவார்கள். எண் 12-ஐத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டாம். பானை நிறைந்த பிறகு குதிரும் நிறைய வேண்டும், அதற்குத்தான் மூன்று மாதம்.

மகள் ஒருவேளை பச்சரிசி மெல்கிறவளாக இருந்தால், அந்த ஆசை எப்போது நிற்கிறது என்று கேட்டு வையுங்கள். பெரும்பாலும் ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்பே, மாத்திரை தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்துக்குள்ளேயே அது விட்டுப்போகும். இரும்பு உள்ளே சேரத் தொடங்கிவிட்டது என்பதை ஆய்வகத்துக்கு முன்னால் அவளே உங்களுக்குச் சொல்லிவிடுவாள்.